சென்சாரை எங்கே தொங்கவிடுவது

பங்குனி பிறந்தால் என் போனுக்கு ஓய்வே கிடையாது. காலையில் வெயில் ஏற ஏற அதுவும் அடிக்கத் தொடங்கும். "மேடம், பேன் ஓட மாட்டேங்குது." அடுத்த அழைப்பு, "மேடம், பேன் நிக்கவே மாட்டேங்குது." அதற்கடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது: "மேடம், நீங்க அங்கிருந்தே கொஞ்சம் பார்த்துச் சொல்லிடுங்களேன்." சேலத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு தம்மம்பட்டிப் பக்கம் மூச்சு வாங்கும் கோழியை நான் எங்கிருந்து பார்ப்பது? ஆனாலும் பார்ப்பதாகத்தான் சொல்வேன். கத்துவதற்குத் தெம்பு இருந்த வயதில் கத்தியாயிற்று. இப்போது வண்டிச் சாவியைத் தேடுவதோடு சரி.

நான் வேலை செய்வது கோழி ஷெட்டுகளுக்குக் கன்ட்ரோலர் செய்து விற்கும் சின்னக் கம்பெனியில். பெரிய பெயரெல்லாம் இல்லை. முன்பெல்லாம் கோழி ஷெட் என்றால் நாலு பக்கமும் கம்பி வலை, மேலே ஓடு, அடிக்கிற காற்று அடித்துக்கொண்டு போகும். இப்போது வசதியுள்ளவர்கள் மூடிய ஷெட் போடுகிறார்கள். பக்கவாட்டை முழுக்கப் படுதாவால் அடைத்துவிடுவார்கள். ஒரு முனையில் ஆள் உயரத்துக்கு அட்டையால் செய்த பேட் நிற்கும். அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மறுமுனைச் சுவரில் பெரிய பெரிய பேன்கள். பேன் காற்றை இழுக்க இழுக்க, வெளிக்காற்று ஈரப் பேட் வழியாகக் குளிர்ந்து உள்ளே வரும். ஷெட்டின் நீளம் முழுக்கக் கோழிகளின் மேல் தவழ்ந்து, அவற்றின் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, மறுமுனையில் வெளியே போய்விடும். அதனால் பேட் பக்கம் ஊட்டி, பேன் பக்கம் சேலம். இந்த நீளத்தில் எங்கோ ஓரிடத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு சென்சார் தொங்கும். அது சொல்லும் சூட்டைப் பார்த்துத்தான் எத்தனை பேன் ஓடவேண்டும் என்று கன்ட்ரோலர் முடிவு செய்யும்.

அந்த டப்பாவை எங்கே தொங்கவிடுவது என்பதுதான் என் பிழைப்பு. சிரிப்பாகத்தான் இருக்கும். பேட் பக்கம் தொங்கவிட்டால் அது குளிரில் சுகமாக ஆடிக்கொண்டு, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லும், கடைசியில் இருக்கும் கோழிகள் வெந்து சாகும். பேன் பக்கம் தொங்கவிட்டால் எல்லாப் பேனும் சதா ஓடும், முன்னால் இருக்கும் குஞ்சுகள் விறைத்துப்போகும். கோழிக்கு எட்டாத உயரத்தில் கட்டினால் கூரைச் சூட்டைச் சொல்லும். எட்டுகிற உயரத்தில் கட்டினால் கொத்தித் தின்னும்.

இதே கேள்வியோடுதான் என் இளவயசும் போயிற்று. அப்போது கோழி கிடையாது. ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஓடும், நடுவில் ஒரு உருளைத் தடி நிற்கும். காவிரிப் பாலத்தில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும், தூணுக்குப் பின்னால் தண்ணீர் இடம் வலமாகச் சுழித்துச் சுழித்துப் போகும். அந்தச் சுழலை அடக்கவேண்டும். அதற்கு ஓரிடத்தில் சென்சார் வைத்துச் சுழல் வருவதைக் கண்டுபிடித்து, இன்னோரிடத்தில் சின்னத் துளை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சவேண்டும். ரொம்பத் தள்ளிப் பார்த்தால் சேதி வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். பீய்ச்சும் இடத்துக்குப் பக்கத்திலேயே பார்த்தால் அதைவிட மோசம். நாம் பீய்ச்சியது மட்டும்தான் நமக்குத் தெரியும், ஆறு என்ன செய்கிறது என்று தெரியாது. இதை வைத்துப் பட்டம் வாங்கினேன். ஓமலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் சேருவது குறைந்து குறைந்து, ஒரு வருஷம் எங்கள் துறையையே மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் கோபம் இருந்தது. அப்புறம் கோழி வந்தது.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறிக்கோழி ஷெட். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான் நடத்துகிறார்கள். குஞ்சும் தீனியும் ஒரு கோழிக் கம்பெனி கொடுக்கும், வளர்த்துக் கொடுத்தால் இவர்களுக்குக் கூலி. எங்கள் கன்ட்ரோலரைப் போட்டு அதுதான் முதல் கோடை. அந்த அண்ணன்தான் போன் செய்தார். "கோழி சாவுதுங்க மேடம். மத்தியானமானா பேன் பக்கமா பொத்துப் பொத்துன்னு உழுவுது. ஆனா உங்க மிசினு எல்லாம் நல்லாருக்குன்னுதான் காட்டுது."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. திட்டுகிறவர்களுக்கு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இப்படிச் சாதாரணமாகச் சொல்கிறவர்கள் உள்ளுக்குள் வேறு ஏதோ முடிவுக்கு வந்துகொண்டிருப்பார்கள். மறுநாள் விடியற்காலையே கிளம்பிப் போனேன்.

அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணமான புதிதில் ரிக் வண்டி ஏறினவர். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். மாசக்கணக்கில் வீட்டுப் பக்கம் வரமுடியாத வேலை. மாரியம்மன் பண்டிகைக்கு வருவார், காப்பு அவிழ்ப்பதற்குள் வண்டி கூப்பிட்டுவிடும். அந்தப் புழுதியும் சத்தமும் சேர்ந்து இடுப்பையும் மூச்சையும் வாங்கிவிட்டன. ஒரு வழியாக விட்டுவிட்டு வந்து இந்த ஷெட்டைப் போட்டார். கோழித் தூசியில் அவரால் நிற்கமுடியாது, இழுப்பு வந்துவிடும். அதனால் ஷெட்டை ஒட்டிய அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் எங்கள் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சூட்டைக் கவனிப்பார். ஷெட்டுக்குள் காலையிலிருந்து பொழுது சாயும் வரை கிடப்பவர் அவர் மனைவி, அக்காதான். தீனி, தண்ணீர், சுத்தம், செத்ததைப் பொறுக்குவது எல்லாம் அவர் பாடு.

காலை நேரம். என் கையிலிருந்த மீட்டரை வைத்து ஷெட் முழுக்க நடந்து அளந்தேன். சென்சார் சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒன்றாகவே இருந்தன. டப்பா சரியான இடத்தில்தான் தொங்கியது. ஷெட்டில் முக்கால்வாசி தூரத்தில், பேன் பக்கமாக, கோழியின் தலைக்குச் சற்று மேலே. பேன் பெல்ட், பேட், மோட்டார் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் கிடைக்கவில்லை. குறை கிடைக்காத நாள்தான் எனக்கு அலுப்பான நாள். ஏதாவது உடைந்திருந்தால் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

வாசலில் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, சரியாப் போயிருமுங்களா?"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன் அக்கா. ஒன்னும் பிடிபடல."

"இந்தப் பேட்சும் போச்சுன்னா கம்பேனில மறுக்காக் குஞ்சு உடமாட்டாங்களாமா. இவரு ரிக்கு ஓனருகிட்டப் பேசிட்டு இருக்கறாருங்க. வண்டிக்குப் போறேங்கறாரு." செம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். "கல்யாணமாயி இத்தன வருசத்துல இப்பத்தானுங்க ஊட்டுல இருக்கறாரு. போனா இந்த ஒடம்புக்குத் திரும்பி வருவாருன்னு எனக்குத் தெகிரியமில்லீங்க."

ஈரக் கையோடு நின்றேன். வெசனப்படாதீங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் எனக்கு எரிச்சல்தான். கோழி செத்தால் அது ஒரு கணக்கு. ஒரு மனுஷனை வீட்டில் நிறுத்தி வைக்கும் பொறுப்பை என் சோப்பு டப்பாவின் தலையில் கட்டினால் நான் என்ன செய்வது?

மத்தியானம் சாகும் கோழியைக் காலையில் போய்ப் பார்த்தது எனக்கே உறுத்தியது. அந்த வாரமே உச்சி வெயிலில் மறுபடி போனேன். வெள்ளிக்கிழமை, தவக்காலம் வேறு. நான் ஒருசந்தி, நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. நாமக்கல் தாண்டும்போதே கண்ணைக் கட்டியது. காரில் ஏ.சி. போன கோடையிலேயே செத்துவிட்டது, அதைச் சரிசெய்ய யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கக்கூட அலுப்பு.

போய் இறங்கினால் வீட்டில் கோழிக் குழம்பு மணக்கிறது. எனக்காகத்தான் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், தவக்காலம் முடியும்வரை கறி தொடமாட்டேன் என்று சொன்னதும் அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"பண்ணைக்கு வந்துட்டுக் கோழி திங்க மாட்டேன்னா எப்படிங்கம்மிணி? பண்டிகை எப்பங்க வருது?"

"ஈஸ்டர் வரணும் அக்கா. அதுக்கப்புறம் ஒரு பிடி பிடிக்கிறேன்."

"அப்ப அன்னைக்கு நான் போன் பண்ணி ஞாபகப்படுத்தறேன்" என்றபடி ரசத்துக்குப் புளி கரைக்கப் போனார்.

ஆனால் ரசம் கொதிக்கவில்லை. அதற்குள் அண்ணனின் போன் ஊளையிட்டது. முப்பது டிகிரி தாண்டினால் ஆப் ஊளையிடும். அவர் நாற்காலியில் இருந்தபடியே சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, பேன் பக்கம் ஏறுது பாரு!" அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினார். கொஞ்ச நேரம் ஆனது. போன் அடங்கியது. அண்ணன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க மேடம், எறங்கிருச்சு. இப்ப இருபத்தெட்டு. இப்படித்தானுங்க காட்டுது. ஆனா உள்ள போனா சாவுது."

எனக்கு அந்த வாளி இடித்தது. எழுந்து ஷெட்டுக்குள் போனேன்.

பேட் பக்கம் நுழைந்தபோது சிலுசிலுவென்றுதான் இருந்தது. நடக்க நடக்கக் காற்று கனத்தது. பாதி தூரம் போனதும் கோழிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றும் சத்தம் போடவில்லை. கோழி ஷெட்டில் சத்தம் இல்லாவிட்டால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். பேன்களைப் பார்த்தேன். பாதிப் பேன்கள்தான் ஓடின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒன்று அசைந்து அசைந்து நின்றது. மீட்டரைப் பார்த்தேன். முப்பத்து மூன்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. போனில் இருபத்தெட்டு.

அக்கா பேன் பக்கத்தில் நின்றிருந்தார். சென்சார் தொங்கும் இடத்துக்கு ஒரு கை தூரத்தில், காற்று வரும் பக்கமாக, தண்ணீர்க் குழாயில் ஒரு கோணிச்சாக்கு விரித்துக் கட்டியிருந்தது. அதன்மேல் வாளித் தண்ணீரைக் கையால் வாரி அடித்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் நனையாமல் அடியில் ஒரு தட்டம் வேறு வைத்திருந்தார். சாக்கின் வழியாக வந்த காற்று, குளுகுளுவென்று என் சோப்பு டப்பாவின் மேல் அடித்தது. அந்த ஒரு முழத்துக்கு மட்டும் சுகமான காற்று.

போன தடவை காலையில் வந்தபோதும் அந்தச் சாக்கு காய்ந்துபோய் அங்கேதான் தொங்கியது. பண்ணையில் சாக்கு தொங்குவதை யார் கவனிப்பார்கள்? இந்தப் பக்கத்துப் பழைய ஷெட்டுகளில் எல்லாம் கோடை வந்தால் பக்க வலையில் வரிசையாகச் சாக்கு கட்டி, மத்தியானத்தில் தண்ணீர் அடிப்பார்கள். எங்கே வெயில் அதிகம் இறங்குகிறதோ அங்கே முதலில் கட்டுவார்கள். காலங்காலமாகக் கோழியைக் காப்பாற்றி வந்த வழக்கம் அது. நானும் சூடு ஏறும் பக்கம் பார்த்துத்தான் சென்சாரைத் தொங்கவிடுவேன். இரண்டும் சரி. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்ததுதான் வினை.

"இது எப்ப இருந்து அக்கா கட்டறீங்க?"

"சூடு ஆரம்பிச்சதுலருந்துங்க. மொதல்ல அங்கங்க நாலஞ்சு கட்டிப் பாத்தனுங்க. எதுக்கும் அந்தப் போனு அடங்கல. இந்தச் சாக்கு நனைஞ்சா மட்டுந்தான் அடங்குச்சு. அதுனால மத்ததெல்லாம் அவுத்துப்போட்டு இத மட்டும் காயாமப் பாத்துக்கறேன்." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "இது காஞ்சா உடனே போனு கத்துமுங்க. இவரு பதறிப்போயிருவாரு."

எனக்குச் சட்டென்று பசியெல்லாம் போய்விட்டது. இப்படியும் ஒரு சுற்று உண்டா என்று இருந்தது. சூடு ஏறும், போன் ஊளையிடும், அவர் கத்துவார், இவர் ஓடிவந்து சாக்கை நனைப்பார். சென்சார் குளிரும். குளிர்ந்துவிட்டது என்று நம்பிக் கன்ட்ரோலர் பேனை நிறுத்தும். போன் அடங்கும், அவர் அடங்குவார். கோழி சாகும். எல்லோரும் சொன்னபடி கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் வேலையில் குறை வைக்கவில்லை.

"அக்கா, இந்த வெள்ளை டப்பா என்னன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"கரண்டு பொட்டியோ என்னவோன்னு நெனச்சனுங்க. தண்ணி பட்டுரும்னு சாக்கைச் சித்தெ தள்ளித்தான் கட்டினேன்."

அப்போது எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் வந்து கன்ட்ரோலர் மாட்டிய அன்று, அண்ணனை உட்காரவைத்து ஆப்பில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். ஷெட்டுக்குள்ளேயே கிடக்கிறவருக்கு எண் தெரியாது. எண் தெரிந்தவர் ஷெட்டுக்குள் போகமுடியாது. நாங்கள் அதை முழு வேலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

சாக்கை அவிழ்த்தேன். அது கையில் கனத்தது. அக்கா தடுக்க வந்து, பிறகு நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் டப்பாவுக்குச் சூடு ஏறியது. நின்றிருந்த பேன் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். ஷெட்டுக்குள் காற்று இரைந்தது, அக்காவின் முந்தானை பேன் பக்கமாக இழுத்துக்கொண்டு பறந்தது. எல்லாப் பேனும் ஒன்றாக ஓடி அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அண்ணாந்து ஒவ்வொரு பேனாகப் பார்த்தார். வெளியே போன் ஊளையிட்டுக்கொண்டிருந்தது, அண்ணன் "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். இந்த டப்பாவுக்குச் சூடு தெரிந்தால்தான் பேன் ஓடும், சாக்கு இதைக் குளிரவைத்துவிட்டது, அதனால் பேன் நின்றுவிட்டது என்றேன். அவர் பேன்களிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு காலடியில் கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"அப்ப இத்தனையும் நாந்தேன் கொன்னனுங்களா?"

"அப்படி இல்ல அக்கா."

"அப்படித்தானுங்களே."

வாசல் பக்கம் நிழல் விழுந்தது. அண்ணன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே வந்திருந்தார். அவர் ஷெட்டுக்குள் வரக்கூடாது. நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். இருமிக்கொண்டே வந்து சாக்கைக் காலால் ஒதுக்கித் தள்ளினார்.

"நீ எங்க கொன்ன? போனு கத்துனா உன்னய ஓட்டுனது நானு. போனு அடங்குச்சுன்னா சரின்னு குந்தியிருந்ததும் நானு. எந்திரிச்சு வந்து ஒருக்காப் பாத்திருந்தா..." மேலே பேசமுடியாமல் இருமல் வந்தது.

அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே வெளியே கூட்டிப்போனார். "சரி சரி, இனி சாவாது. அதேன் அம்மிணி கண்டுபுடிச்சிட்டாங்கல்ல. இனி வண்டிக்கெல்லாம் போவ வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே போனது கேட்டது. அவர் வாயிலிருந்து துண்டை எடுக்காமலே நடந்தார். நான் பின்னால் போனேன். வாசலில் அவர் திரும்பியபோது, அந்தப் பேச்சில் அவருக்குச் சந்தோஷமில்லை என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

அறைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு அவரே சொன்னார். முந்தின நாள்தான் ரிக் ஓனருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். வண்டி ராஜஸ்தான் போகிறது, ஆள் போட்டாயிற்று, இனி மாற்றிச் சொன்னால் அவர்கள் நடுவழியில் நிற்பார்கள். "சொன்ன சொல்லு சொன்னதுதானுங்களே மேடம்" என்றார் என்னைப் பார்த்து. என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியும். அக்காவைப் பார்த்துச் சொல்லமுடியவில்லை.

அக்கா ரசத்தை இறக்கிவைத்துவிட்டு எனக்கு இலை போட்டார். ஒருசந்தி விடுவதற்கு அந்த ஒரு வேளைதான். சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. அவர் பரிமாறிக்கொண்டே இருந்தார், போதும் என்று கை மறித்த பிறகும் ஊற்றினார்.

அன்று மாலைக்குள் வேலையை முடித்தேன். ஒரு சென்சாரை நம்பியது போதும் என்று காரில் கிடந்த இன்னும் இரண்டை எடுத்து, பேட் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாட்டினேன், பழையது இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்துப் பேனை ஓட்டும்படி மாற்றினேன். ஒன்று ஊருக்கு ஒத்துவராமல் பேசினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று டப்பாவையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றின் கீழும் நின்று, கன்னத்தில் காற்று எப்படிப் படுகிறது என்று பார்த்து, திரையில் என்ன எண் வருகிறது என்று என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டார். சீக்கிரமே பிடித்துக்கொண்டார். பொழுது சாயும்போது கோழிகள் வாயை மூடிக்கொண்டு தீனித் தட்டுப் பக்கம் நகர்ந்தன. பழைய சத்தம் திரும்பியது.

கடைசியாக அண்ணன் தன் போனை நீட்டினார். "இதுல இருக்கறத அவ போனுக்கு மாத்திக் குடுத்துருங்க மேடம். எனக்கு அங்க சிக்னல் கெடைக்காது."

மாற்றிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்து அதுவரை நான் செய்த வேலைகளில் இவ்வளவு சுலபமானதும் இல்லை, இவ்வளவு பிடிக்காததும் இல்லை. அக்கா போனைக் கையில் வாங்கி, கண்ணுக்கு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். நான் கிளம்பும்போது, "போய்ட்டு வாரனுங்க அக்கா" என்றேன். அவர்கள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் தடவையே மத்தியானத்தில் போயிருந்தால் என்று காரில் வரும்போது நினைக்காமல் இல்லை. அந்த நினைப்புக்கு ஒரு முடிவும் கிடையாது. அதற்கும் முன்னால், மாட்டிய அன்றே யாராவது அக்காவைக் கூப்பிட்டு, இதுதான் சென்சார், இதன் பக்கத்தில் ஈரம் வரக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்றும் நினைக்கலாம். இப்போது எந்த ஷெட்டுக்குப் போனாலும், டீ போட யார் எழுந்து போகிறார்களோ அவர்களை உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன். அதற்கு எங்கள் கம்பெனியில், "மேடம் ரொம்ப நேரம் எடுத்துக்கறாங்க" என்று ஒரு பேச்சு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

வெயில் குறையவில்லை. என் போனும் ஓயவில்லை. எருமப்பட்டியிலிருந்து மட்டும் அழைப்பு வரவில்லை. வராதது நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டேன். நம் தொழிலில் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த மத்தியானம் போன் அடித்தது. அன்றைக்குமா என்று சலித்துக்கொண்டே எடுத்தேன். அக்காதான். பின்னால் பேன்கள் இரைந்துகொண்டிருந்தன.

"பண்டிகைங்களாமா அம்மிணி? இன்னைக்கிக் கறி திங்கலாமுங்களா?"

சிரித்துவிட்டேன். "தின்னாச்சு அக்கா. உங்க பண்ணைக் கோழிதானோ என்னவோ. சாவு நின்னுருச்சா?"

"நின்னுருச்சுங்க. ஏதோ ஒன்னு ரெண்டு, அது எப்பவும் இருக்கறதுதான். கம்பேனிச் சூப்பர்வைசரு வந்து பாத்துட்டு, அடுத்த பேட்சுக்கும் குஞ்சு உடறம்னு சொல்லிப்போட்டாருங்க."

"அண்ணன்?"

"போயாச்சுங்க. வண்டி அந்தத் திங்கக்கெழமையே வந்துருச்சு." ஏதோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "போன்ல புடிச்சா கெடைக்கறதில்லீங்க. அவரா எப்பவாச்சும் டவரு இருக்கற எடத்துலருந்து கூப்புடுவாரு. கூப்புட்டா மொதல்ல ஷெட்டுச் சூடு எத்தனைன்னுதான் கேக்கறாரு. சொல்லுவேன். செரின்னு வெச்சுருவாரு."

எல்லோரும் கேட்பதையே நானும் கேட்டேன். "நீங்க எப்படி அக்கா இருக்கீங்க?"

பேன் சத்தம் மட்டும் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. பிறகு திரும்பி வந்தார்.

"இருபத்தெட்டுங்க அம்மிணி."

  பேன்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. இருவருமே கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை.